கிரீட் தீவில் கோடை விடுமுறை: நேரம் பார்த்து, காற்று பார்த்து

கிரேக்கத்தின் தென்கோடியில் இருக்கும் கிரீட் தீவுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் தவறான விஷயங்களுக்குப் பயப்படுகிறார்கள். பாம்பு, சுறா, குழாய்த் தண்ணீர் என்று கேள்விகள் வரும். அங்கே ஒரு விடுமுறையை மருத்துவமனையில் முடித்துவைப்பவை வேறு: நடுப்பகல் வெயிலில் நடப்பது, காற்று பார்க்காமல் கடலில் இறங்குவது, பழக்கமில்லாத ஸ்கூட்டரை வாடகைக்கு எடுப்பது. மூன்றையும் தவிர்ப்பது கடினம் அல்ல. ஒவ்வொரு காலையும் "இன்று எந்த நேரத்தில் எங்கே இருப்போம், காற்று எந்தப் பக்கமிருந்து வீசும்" என்று இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொண்டு நாளைத் தொடங்கினாலே பாதி ஆபத்து விலகிவிடும். ஜூன் முதல் செப்டம்பர் வரை போகிறவர்களுக்காக எழுதப்பட்டது இது. மற்ற கிரேக்கத் தீவுகளுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

தீவின் அமைப்பை முதலில் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கிழக்கு மேற்காகச் சுமார் 260 கிலோமீட்டர் நீளம். அகலம் 12 முதல் 60 கிலோமீட்டர் வரை. நடுவே 2,400 மீட்டருக்கும் மேல் உயரும் மலைகள். பெரிய ஊர்களான ஹனியா, ரெதிம்னோ, ஹெராக்லியோன், ஆயியோஸ் நிகோலாவோஸ் நான்கும் வடகரையில்தான் உள்ளன. பொது மருத்துவமனைகளும் முக்கியமாக அங்கேதான். தென்கரையில் ஒரு சிறு கடற்கரைக் கிராமத்தில் தங்கினால், வளைந்து வளைந்து போகும் மலைப்பாதையில் மருத்துவமனைக்கு ஒன்றரை மணி நேரம் ஆகலாம். இதய நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், கைக்குழந்தையோடு வருபவர்கள் வடகரையில் அறை எடுப்பதே நல்லது. தென்கரையைப் பகல் பயணமாகப் பார்த்துவிட்டு வரலாம்.

கிளம்புவதற்கு முன்

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டில் ஷெங்கன் விசா (பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான விசா) எடுப்பவர்கள் குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு காட்டியாக வேண்டும். விசாவுக்காக மட்டும் என்று மலிவானதை வாங்கிவிட்டு அதன் விதிவிலக்குகளைப் படிக்காமல் விடுவதுதான் வழக்கமான தவறு. மூன்று இடங்களைத் தேடிப் படியுங்கள். ஏற்கெனவே உள்ள சர்க்கரை, ரத்த அழுத்தம், இதய நோய் சேர்க்கப்பட்டிருக்கிறதா? இருசக்கர வாகன விபத்து சேர்க்கப்பட்டிருக்கிறதா, எந்த எஞ்சின் அளவு வரை? நோயாளியை ஊருக்கு அழைத்துவரும் செலவு உண்டா? மது அருந்தியிருந்தால், ஹெல்மெட் இல்லையென்றால், உரிய உரிமம் இல்லையென்றால் பணம் தரமாட்டோம் என்பது ஏறக்குறைய எல்லாக் காப்பீட்டிலும் இருக்கும்.

ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலும் சுவிட்சர்லாந்திலும் வாழும் தமிழர்கள் ஐரோப்பிய சுகாதாரக் காப்பீட்டு அட்டையையும், பிரிட்டனில் இருப்பவர்கள் அதற்கு இணையான தங்கள் நாட்டு அட்டையையும் எடுத்துச்செல்லுங்கள். இவை அரசு மருத்துவமனைக்கு உதவும். தனியார் மருத்துவருக்கும், விமானத்தில் ஊர் திரும்பும் செலவுக்கும் உதவா. அட்டை இருந்தாலும் தனிக் காப்பீடு வேண்டும்.

மருந்துகளை அவற்றின் சொந்த அட்டைப்பெட்டியிலேயே, மருந்துச் சீட்டோடு, கைப்பையில் வையுங்கள். பெட்டியில் வணிகப் பெயர் மட்டும் இருந்தால் மருந்தின் மூலப்பெயரையும் அளவையும் ஒரு தாளில் எழுதுங்கள். சென்னையில் விற்கும் பெயர் ஹெராக்லியோன் மருந்துக்கடையில் யாருக்கும் தெரியாது. கோடீன், டிரமடால் சேர்ந்த வலி மாத்திரைகளும் இருமல் மருந்துகளும் கிரேக்கத்தில் கட்டுப்பாட்டில் உள்ளவை; மருத்துவரின் கடிதம் இல்லாமல் கொண்டுபோகாதீர்கள். தங்கும் நாட்களைவிட ஐந்து நாளைக்குக் கூடுதலாக மாத்திரை இருக்கட்டும். காற்று அடித்தால் கப்பல் நிற்கும், திரும்பும் நாள் தள்ளிப்போகும்.

இன்சுலின் போடுகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும். பல விடுதிகளில் சாவி அட்டையை எடுத்ததும் அறையின் மின்சாரம் முழுதும் நின்றுவிடும், குளிர்பெட்டியும் சேர்த்து. வெளியே போகும்போது குளிர்பெட்டி ஓடுமா என்று முதல் நாளே கேளுங்கள். ஓடாது என்றால் வரவேற்பறைக் குளிர்பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள். பனிக்கட்டி உறையும் தட்டை ஒட்டியும் வைக்க வேண்டாம், உறைந்த இன்சுலினைத் தூக்கிப்போட வேண்டியதுதான். பயன்பாட்டில் இருக்கும் பேனாவை நிறுத்திய காருக்குள் ஒருபோதும் விடாதீர்கள். சிறுநீர் அதிகம் போகச்செய்யும் ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்கள், கடும் வெயிலில் அளவை மாற்ற வேண்டுமா என்று கிளம்பும் முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நீங்களாக நிறுத்தவோ குறைக்கவோ வேண்டாம்.

வெயில்

ஜூலை, ஆகஸ்டில் 30 முதல் 35 டிகிரி சாதாரணம். எண்ணைப் பார்த்ததும் "நம் ஊரில் இல்லாத வெயிலா" என்று தோன்றும். அந்த நினைப்பில்தான் ஆபத்து இருக்கிறது. சித்திரை வெயிலில் நம் ஊரில் நண்பகல் 12 மணிக்கு யாரும் மலை ஏறுவதில்லை; விடுமுறையில் மட்டும் ஏறுகிறோம். காற்று வறண்டிருப்பதால் வியர்வை உடனே காய்ந்துவிடுகிறது. சட்டை நனையாததால் நீர் இழப்பது தெரிவதே இல்லை. கடற்காற்று வேறு குளுமையாக இருப்பதுபோல ஏமாற்றும். 2024 ஜூன் மாதத்தில் வெப்ப அலையின்போது கிரேக்கத் தீவுகளில் தனியாக நடக்கப்போன பல வெளிநாட்டுப் பயணிகள் இறந்தார்கள். கிரீட்டும் அந்தப் பட்டியலில் உண்டு. 

ஆகவே ஒவ்வொரு நாளையும் இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள். தொல்லியல் இடங்கள், நடை, சந்தை எல்லாம் காலை 11 மணிக்குள். 12 முதல் 5 மணி வரை நிழல், சாப்பாடு, தூக்கம். கிரீட் மக்களே பிற்பகலில் கதவைச் சாத்திக்கொண்டு உறங்குகிறார்கள். கோடையில் 3 முதல் 5.30 மணி வரை சத்தம் போடக்கூடாத அமைதி நேரம் என்று விதியே இருக்கிறது. 5 மணிக்குப் பிறகு கடல். இருட்ட 8 மணிக்கு மேல் ஆகும், நேரம் போதாது என்ற கவலை வேண்டாம். க்னோசோஸ் அரண்மனை இடிபாடுகளில் நிழல் மிகக் குறைவு. அதைப் பகல் ஒரு மணிக்கு வைத்துக்கொள்ளும் பயணத் திட்டம் எதுவானாலும் மாற்றுங்கள்.

சாதாரணமாக ஊர் சுற்றும் நாளில் ஒருவருக்கு 2.5 முதல் 3 லிட்டர் தண்ணீர். நடக்கும்போது மணிக்கு அரை லிட்டர், ஒரேயடியாக இல்லாமல் 15 நிமிடத்துக்கு ஒருமுறை சில மடக்கு. சிறுநீர் இளமஞ்சளாக இருந்தால் சரி. அடர் மஞ்சளானால் குறைகிறது. வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் கணக்கில் குடித்தால் உடலின் உப்பு நீர்த்துப்போய்த் தலைவலியும் வாந்தியும் வரும். கூடவே ஏதாவது உப்புள்ளதைத் தின்னுங்கள். ஆலிவ் காய்களும் ஃபெத்தா பாலாடைக்கட்டியும் அந்த வேலையை நன்றாகவே செய்கின்றன. (இதயம், சிறுநீரகக் கோளாறால் தண்ணீருக்கோ உப்புக்கோ வரம்பு உள்ளவர்கள் மருத்துவர் சொன்ன அளவையே கொள்க.) கிரேக்கத்தில் தண்ணீருக்குப் பெயர் "நெரோ". நம் "நீர்" என்ற சொல்லோடு ஒலி ஒத்துவருவதால் மறக்காது.

தலைசுற்றல், குமட்டல், கால் பிடிப்பு, மிகுந்த வியர்வை என்றால் வெப்பச் சோர்வு. நிழலில் படுக்கவைத்துக் காலை உயர்த்தி, ஈரத்துணியால் துடைத்து, உப்பு சர்க்கரைக் கரைசலைச் சிறிது சிறிதாகக் கொடுங்கள். அரைமணியில் தெளிய வேண்டும். தெளியாவிட்டாலோ, பேச்சு குழறினாலோ, இருக்கும் இடம் தெரியாமல் உளறினாலோ, உடல் அனலாகக் கொதித்தாலோ அது வெப்பத் தாக்கு, உயிர் போகும் நிலை. 112-ஐ அழையுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை சும்மா காத்திருக்காதீர்கள். ஆடையைத் தளர்த்தி உடல் முழுதும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். பனிக்கட்டி கிடைத்தால் துணியில் சுற்றிக் கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் வையுங்கள். நினைவு தப்பியவருக்கு வாயில் எதுவும் ஊற்றக்கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். பாராசிட்டமால் பயன்படாது, இது காய்ச்சல் அல்ல.

கறுத்த தோலுக்கு சன்ஸ்கிரீன் தேவையில்லை என்பது நம்மிடையே ஆழமாக வேரூன்றிய தவறான எண்ணம். கறுத்த தோல் மெதுவாகக் கருகும், கருகாமல் போகாது. மூக்குத்தண்டு, தோள், பாதத்தின் மேற்பகுதி, வழுக்கைத் தலை ஆகியவை முதலில் எரியும். காப்பு எண் (எஸ்.பி.எஃப்.) 30 அல்லது 50 உள்ளதை, வெளியே போக 20 நிமிடம் முன்பு பூசுங்கள். பெரியவர் உடல் முழுவதற்கும் ஒருமுறைக்கு 30 மில்லிக்கு மேல் தேவை, அதாவது ஆறேழு தேக்கரண்டி. அந்தக் கணக்கில் 200 மில்லி புட்டி ஆறு முறைக்குத்தான் வரும். ஒரு புட்டியைக் குடும்பமே இரண்டு வாரம் வைத்திருந்தால், பூசியதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்றே பொருள். நீளக் கை மெல்லிய பருத்திச் சட்டையும் அகல விளிம்புத் தொப்பியும் போட்டால் பூச வேண்டிய இடம் பாதியாகும், காசும் மிஞ்சும்.

காற்றும் கடலும்

நம் ஊரில் வாடை என்றால் மார்கழிக் குளிர் நினைவுக்கு வரும். கிரீட்டுக்கு வடக்கே உள்ள ஏஜியன் கடலில் வாடை ஆடியிலும் ஆவணியிலும் வீசுகிறது. அதற்கு மெல்தேமி என்று பெயர். வானம் தெள்ளத்தெளிவாக இருக்கும், மேகமே இருக்காது, ஆனால் காற்று நாள்கணக்கில் அடிக்கும், பிற்பகலில் வலுக்கும். மழை மேகத்தைக் கண்டால்தான் கடலை அஞ்சும் பழக்கம் உள்ளவர்கள் இங்கே ஏமாறுவது இயல்பு.

மெல்தேமி வீசும் நாளில் வடகரையில் அலை நேரே கரைக்கு வந்து மோதும். அமுதாரா, யோர்யூபோலி போன்ற நீண்ட மணற்கரைகளில், வந்த நீர் திரும்பும்போது உள்ளே இழுக்கும் ஓட்டங்கள் உருவாகும். அலை உடையாமல் அமைதியாகத் தெரியும் ஒரு பட்டைதான் பெரும்பாலும் அந்த ஓட்டம். குழந்தையை இறக்க நல்ல இடம் என்று அதையே தேர்ந்தெடுத்துவிடுவார்கள். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி நீந்தி வலுவிழக்காதீர்கள். மிதந்து மூச்சைச் சீராக்குங்கள், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகருங்கள், இழுப்பு விட்டதும் சாய்வாகக் கரைக்கு வாருங்கள். கையை உயர்த்திக் கூப்பிடுங்கள், வெட்கம் வேண்டாம்.

தென்கரையில் கதை வேறு. அதே வாடை மலையைத் தாண்டி இறங்கிக் கரையிலிருந்து கடலை நோக்கி வீசும். கரையோரத் தண்ணீர் குளம்போல இருக்கும். காற்று மெத்தையில் படுத்துக் கண்ணை மூடினால், திறக்கும்போது கரை வெகுதூரத்தில் இருக்கும். பிளாக்யாஸ், ஸ்ஃபாக்யா பக்கம் மலையிடுக்கிலிருந்து காற்று திடீர் வீச்சாக வரும். கரையிலிருந்து காற்று வீசும் நாளில் காற்று மெத்தை, ரப்பர் வளையம், துடுப்புப் பலகை எதுவும் வேண்டாம். பந்து அடித்துப்போனாலும் பின்னால் நீந்திப் போகாதீர்கள். போனது போகட்டும்.

வானிலை முன்னறிவிப்பில் காற்று போஃபோர்ட் அளவில், அதாவது காற்றின் வலுவைக் குறிக்கும் எண்ணில் வரும். 3, 4 என்றால் குளிக்கலாம். 5 என்றால் காற்று மறைவான விரிகுடாவைத் தேடுங்கள். 6 அல்லது அதற்கு மேல் என்றால் கடலை விட்டுவிட்டு மலைக் கிராமங்களுக்குப் போங்கள். கரையில் சிவப்புக் கொடி இருந்தால் யார் குளித்துக்கொண்டிருந்தாலும் நீங்கள் இறங்கக்கூடாது. காவலர்கள் எல்லாக் கரையிலும் இல்லை. இருக்கும் கரையிலும் நாள் முழுதும் இல்லை.

தென்திசைக் காற்று இங்கே தென்றல் அல்ல. ஆப்பிரிக்கப் பாலையிலிருந்து வருகிறது. வெப்பத்தை 40 டிகிரிக்கு மேல் ஏற்றக்கூடும், சில சமயம் வானமே தூசியால் மஞ்சளாகும். ஆஸ்துமா உள்ளவர்கள் அன்று அறையிலேயே இருப்பது நலம். இழுப்பு மருந்து கையில் இருக்கட்டும்.

நம்மவர்களில் பலருக்கு நீச்சல் தெரியாது, இடுப்பளவு நீரில் நிற்பதே மகிழ்ச்சி. அதற்குக் கூழாங்கல் கரை ஏற்றதல்ல. இரண்டடி வைத்தால் இடுப்பு, மூன்றாவது அடியில் தலைக்கு மேல் என்று சட்டென்று ஆழமாகும். எலாஃபோனிசி போல மணல் மெதுவாகச் சரியும் ஆழமற்ற கரையைக் காற்றில்லாத நாளில் தேர்ந்தெடுங்கள். புடவையும் துப்பட்டாவும் நனைந்தால் காலைச் சுற்றிக்கொண்டு கீழே இழுக்கும். உடலை மறைக்க விரும்புகிறவர்களுக்கு முழங்கால் வரையிலான நீச்சலுடையும் நீளக் கைச் சட்டையும் கடற்கரைக் கடைகளிலேயே கிடைக்கின்றன. பாறையிலிருந்து தலைகீழாகக் குதிக்காதீர்கள். தண்ணீர் கண்ணாடிபோல் இருப்பதால் ஆழம் தப்பாகத் தெரியும்; உடையும் எலும்பு கழுத்தெலும்பாக இருக்கும்.

கடலில் கடிப்பவை, குத்துபவை கொஞ்சம் உண்டு. ரப்பர் அடிக் காலணியோடு இறங்கினால் முக்கால் பங்கு தப்பலாம். பாறையில் கடல் முள்ளெலியை மிதித்துவிட்டால் ஊசியால் தோண்டாதீர்கள். முள் உள்ளே நொறுங்கிச் சீழ் வைக்கும். ஆலிவ் எண்ணெயோ வினிகரோ தடவி ஊறவைத்து, வெளியே தெரியும் முனையைச் சாமணத்தால் நேராக இழுங்கள். மணலில் புதைந்திருக்கும் சிறு முள்மீன் ஒன்று உள்ளது, ஊரார் திராகெனா என்பார்கள். அதன் குத்து பொறுக்க முடியாமல் வலிக்கும். அதன் நஞ்சு சூட்டில் சிதையும். தாங்கக்கூடிய அளவு வெந்நீரில், 40 முதல் 45 டிகிரிக்குள், அரைமணி முதல் ஒன்றரை மணி நேரம் காலை வையுங்கள். மரத்த கால் சூட்டை உணராது. ஆகவே குத்துப்படாத கையால் தண்ணீரைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். ஊதா நிற ஜெல்லிமீன் பட்டால் கடல்நீரால் மட்டும் கழுவி, ஒட்டிய இழைகளைச் சாமணத்தால் எடுத்து, சமையல் சோடாவைக் கடல்நீரில் குழைத்துப் பூசி, பிறகு குளிர் ஒத்தடம். நல்ல தண்ணீர், வினிகர், சிறுநீர், தேய்த்தல் எல்லாமே மிச்சமிருக்கும் கொட்டும் செல்களைத் தூண்டிவிடும். மூச்சு வாங்கினால், முகம் வீங்கினால் 112.

ஒரு மீனை நம் கடற்கரை மக்கள் பார்த்ததும் அடையாளம் காண்பார்கள்: பேத்தை. சூயஸ் கால்வாய் வழியே செங்கடலிலிருந்து மத்தியதரைக் கடலுக்குள் வந்த பேத்தை இனம் ஒன்று இப்போது கிரீட் கரைகளில் நிறைய. சமைத்தாலும் போகாத கொடிய நஞ்சு அதன் ஈரலிலும் முட்டையிலும் தோலிலும் தசையிலும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கத் தடை. தூண்டிலில் மாட்டினால் கையால் எடுக்க வேண்டாம், பல்லால் விரலைத் துண்டிக்கும் வலு அதற்கு உண்டு.

சக்கரங்கள்

இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், பிரிட்டன் என்று தமிழர்கள் வண்டி ஓட்டிப் பழகிய பல நாடுகளில் சாலையின் இடப்பக்கம், கிரீட்டில் வலப்பக்கம். நேரான சாலையில் தவறு நேராது. பெட்ரோல் நிலையத்திலிருந்து வெளியே வரும்போது, ஆளில்லாத சந்திப்பில் திரும்பும்போது, காலை தூக்கக் கலக்கத்தில் கிளம்பும்போதுதான் கை பழைய பக்கம் போகும். பக்கத்தில் இருப்பவர் ஒவ்வொரு திருப்பத்திலும் "வலப்பக்கம்" என்று வாய்விட்டுச் சொல்வது நல்ல ஏற்பாடு. நடப்பவர்களும் கடக்கும் முன் முதலில் இடப்புறம் பார்க்க வேண்டும்.

வடகரை நெடுஞ்சாலையின் பல பகுதிகளில் திசைக்கு ஒரு தடம்தான். மெதுவாகப் போகும் வண்டிகள் வலப்புறக் கோட்டைத் தாண்டி ஓரப்பட்டையில் ஒதுங்கிப் பின்னால் வருபவருக்கு வழிவிடும் வழக்கம் உள்ளூரில் உண்டு. பின்னால் ஒருவர் ஒட்டிக்கொண்டு வந்தால் பதற்றப்பட்டு வேகத்தைக் கூட்டாதீர்கள். ஓரத்தில் நின்ற வண்டியோ ஆளோ இல்லை என்று பார்த்துக்கொண்டு ஒதுங்கினால் அவர் போய்விடுவார். மலைப்பாதையில் வளைவுக்கு அப்பால் ஆடுகள் படுத்திருக்கும், கல் உருண்டு கிடக்கும். மாதக்கணக்கில் மழையில்லாத சாலையில் முதல் தூறல் விழுந்ததும் தூசியும் எண்ணெயும் சேர்ந்து சோப்பு தேய்த்ததுபோல் ஆகிவிடும். ஹனியாவிலிருந்து எலாஃபோனிசி 75 கிலோமீட்டர்தான், ஆனால் ஒன்றரை மணிக்கும் மேல் ஆகும். தூரத்தை வைத்து நேரம் கணக்கிடாதீர்கள். பாலோஸ் போன்ற மண்பாதைகளில் ஓட்டினால் டயருக்கும் வண்டியின் அடிப்பகுதிக்கும் வாடகைக் காப்பீடு பெரும்பாலும் பொருந்தாது.

இந்திய உரிமத்தோடு பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். அதை ஊரில் இருக்கும்போதே எடுக்க வேண்டும். ரத்தத்தில் மதுவின் வரம்பு காருக்கு லிட்டருக்கு 0.5 கிராம், இருசக்கரத்துக்கு 0.2. சாப்பாட்டுக்குப் பின் இலவசமாக வரும் ராக்கி 40 சதவீதத்தை ஒட்டிய மது. விருந்தோம்பலாகத் தருகிறார்கள், உதட்டில் வைத்துவிட்டு நன்றி சொன்னால் போதும், யாரும் வருந்தமாட்டார்கள்.

ஊரில் தினமும் ஸ்கூட்டர் ஓட்டாதவர் விடுமுறையில் தொடங்க வேண்டாம். இதில் எங்கள் கருத்து உறுதியானது. நான்கு சக்கர பைக் பாதுகாப்பானதுபோல் தோன்றும். அகலம் குறைவு, எடை உயரத்தில், தார்ச்சாலைக்கு ஏற்றதல்ல. வளைவில் வேகமாகத் திருப்பினால் கவிழ்ந்து ஓட்டியவர் மேலேயே விழும். ஓட்டித்தான் ஆக வேண்டும் என்றால் இருவருக்கும் தாடை வார் மாட்டிய ஹெல்மெட், மூடிய காலணி, முழுக்காற்சட்டை. இறங்கும்போது புகைக்குழாய் கெண்டைக்காலில் படுவது மிக அதிகமாக நடக்கும் காயம். சுட்டுவிட்டால் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். பற்பசை, காப்பித்தூள், வெண்ணெய் எதையும் வைக்காதீர்கள்.

சமாரியா பள்ளத்தாக்கில் நடக்க விரும்பினால்

வெள்ளை மலைகளிலிருந்து தென்கடல் வரை இறங்கும் இந்தப் பாதை மே முதல் அக்டோபர் வரை திறந்திருக்கும். க்ஸிலோஸ்கலோ என்ற இடத்தில் ஏறத்தாழ 1,230 மீட்டர் உயரத்தில் தொடங்கி, பூங்காவுக்குள் 13 கிலோமீட்டரும் அதற்குப் பின் ஆயியா ரூமேலி கடற்கரை வரை 3 கிலோமீட்டரும் நடக்க வேண்டும். ஐந்து முதல் ஏழு மணி நேரம். இறக்கம் என்பதால் எளிது என்று நினைப்பவர்களின் முழங்கால் மூன்றாவது கிலோமீட்டரிலேயே பேசத் தொடங்கிவிடும். செங்குத்தான பகுதி ஆரம்பத்தில்தான் இருக்கிறது. கால் நகங்களை முந்தைய நாள் வெட்டிவிடுங்கள், இல்லையென்றால் காலணி முனையில் இடித்து நகம் கறுத்துவிடும். பிடிமானமுள்ள, பழகிய காலணி கட்டாயம். செருப்போடு வருபவர்களைத்தான் கணுக்கால் சுளுக்கி கோவேறு கழுதையில் ஏற்றி இறக்க நேர்கிறது.

காலை 7 மணிக்கு வாயிலில் இருங்கள். வழியில் குடிநீர் ஊற்றுகள் உண்டு. ஒரு லிட்டர் புட்டியை நிரப்பிக்கொண்டே போகலாம். ஆனால் கடைசிப் பகுதி திறந்த வெயில், அங்கே இறங்கும் முன் புட்டி நிறைந்திருக்கட்டும். கல் விழும் எச்சரிக்கைப் பலகை உள்ள இடங்களில் நின்று படம் எடுக்காமல் கடந்துவிடுங்கள். நுழைவுச் சீட்டைத் தொலைக்க வேண்டாம். யாராவது உள்ளே மாட்டிக்கொண்டார்களா என்று பார்க்க வெளியேறும்போது வாங்குவார்கள். ஓடையில் குளிப்பது தடை. பல இடங்களில் கைபேசி வேலை செய்யாது, தனியாகப் போகாதீர்கள். ஆயியா ரூமேலிக்குச் சாலை கிடையாது. மாலைப் படகைத் தவறவிட்டால் இரவு அங்கேதான். அன்றைய படகு நேரத்தையும், காற்றால் படகு நிற்குமா என்பதையும் காலையிலேயே உறுதிசெய்யுங்கள். வெப்ப எச்சரிக்கை, மழை, தீ அபாயம் இருந்தால் பள்ளத்தாக்கையே மூடிவிடுவார்கள். நடக்க முடியாத பெரியவர்கள் படகில் ஆயியா ரூமேலி வந்து, கீழிருந்து "இரும்புக் கதவுகள்" எனப்படும் குறுகிய இடைவெளி வரை போய்த் திரும்பலாம்.

வயிறும் கொசுவும்

பெரிய ஊர்களில் குழாய்த் தண்ணீர் குடிக்கத் தக்கது. சிறு கிராமங்களில் விடுதிக்காரரைக் கேளுங்கள். சாந்தோரினி போன்ற வறண்ட தீவுகளுக்குத் தொடர்ந்து போனால் அங்கே புட்டித் தண்ணீர்தான். கழிவறைத் தாளைக் குழியில் போடாமல் பக்கத்துத் தொட்டியில் போடச் சொல்வார்கள், கழிவுக் குழாய்கள் குறுகலானவை. தண்ணீர்க் குழாய் வசதி பெரும்பாலும் இராது, ஒரு சிறு குவளை எடுத்துப்போவது நம்மவர்களுக்கு நிம்மதி.

சைவர்கள் "நிஸ்தீசிமோ" என்ற சொல்லைக் கற்றுக்கொள்ளுங்கள். நோன்பு உணவு என்று பொருள், இறைச்சியும் முட்டையும் பாலும் இருக்காது. ஆனால் கணவாய், இறால் இருக்கலாம், கேட்டுக்கொள்ள வேண்டும். விடுதி விருந்து மேசையில் ஆவி பறக்காத இறைச்சியையும், வெயிலில் நின்ற முட்டைக் கலவைகளையும் தவிருங்கள். காய்ச்சாத பாலில் செய்த வீட்டுப் பாலாடைக்கட்டியும் வேண்டாம், புருசெல்லா காய்ச்சல் வரக்கூடும். வயிற்றுப்போக்கு வந்தால் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் மருந்துக்கடையில் கிடைக்கும். இல்லையென்றால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு மட்டத் தேக்கரண்டி சர்க்கரை, அரை மட்டத் தேக்கரண்டி உப்பு. அளவு முக்கியம், உப்பு கூடினால் குழந்தைக்குக் கேடு. ரத்தம் கலந்து போனால், காய்ச்சல் கூடினால், குழந்தை எட்டு மணி நேரம் சிறுநீர் கழிக்காவிட்டால் மருத்துவரிடம் போங்கள். ஆன்டிபயாட்டிக் மருந்துகளைச் சீட்டில்லாமல் தரமாட்டார்கள்.

கிரேக்கத்தில் மேற்கு நைல் காய்ச்சலைப் பரப்பும் கொசுக்கள் உண்டு. அந்தி முதல் விடியல் வரை நீளக் கை, டீட் அல்லது பிகாரிடின் சேர்ந்த விரட்டி. சன்ஸ்கிரீன் முதலில், விரட்டி அதன் மேல். ஆகஸ்டில் குளவிகள் சாப்பாட்டு மேசைக்கு வரும். குளிர்பானத்தைக் குவளையில் ஊற்றிக் குடியுங்கள், டின்னுக்குள் புகுந்த குளவி தொண்டையில் கொட்டினால் மூச்சு அடைக்கும். கிரீட்டில் விரியன் இல்லை, மனிதரைக் கொல்லும் பாம்பு இல்லை. மீலோஸ் தீவில் விரியன் உண்டு.

தீ, நில நடுக்கம்

கைபேசியில் அவசர எச்சரிக்கை அமைப்பு இயங்கும்படி வைத்திருங்கள். ஆபத்துப் பகுதியில் இருக்கும் எல்லாக் கைபேசிக்கும் 112 எச்சரிக்கை உரத்த ஒலியோடு கிரேக்கத்திலும் ஆங்கிலத்திலும் வரும். 2023 ஜூலையில் ரோட்ஸ் தீவில் சுமார் 19,000 பேரை வெளியேற்றினார்கள். 2025 ஜூலையில் கிரீட்டின் இயராபெத்ரா அருகே விடுதிகள் காலியாயின. மெல்தேமி அடிக்கும்போது தீ மனிதர் ஓடுவதைவிட வேகமாக வரும். எச்சரிக்கை வந்தால் மூடிய காலணி, பருத்தி ஆடை, கடவுச்சீட்டு, மருந்து, தண்ணீர், அவ்வளவுதான். பெட்டி கட்ட உட்காராதீர்கள். சொன்ன திசையில் போங்கள், மலை ஏறாதீர்கள். தீ மேட்டை நோக்கிப் பாயும். கோடையில் திறந்தவெளியில் அடுப்பு மூட்டுவதும் எரியும் சிகரெட்டை வீசுவதும் சட்டப்படியும் குற்றம்.

நில நடுக்கம் இங்கே வழக்கம். உள்ளே இருந்தால் மேசைக்கடியில் குனிந்து தலையை மறைத்துக் காத்திருங்கள், படியில் ஓட வேண்டாம். கடற்கரையில் இருக்கும்போது நெடுநேரம் பலமாக ஆடினாலோ, கடல் வழக்கத்துக்கு மாறாகப் பின்வாங்கினாலோ அறிவிப்புக்காகக் காத்திருக்காமல் மேட்டுக்கு ஏறுங்கள். கி.பி. 365-இல் கிரீட்டின் மேற்குக் கரையை மீட்டர் கணக்கில் உயர்த்திய நடுக்கம் எழுப்பிய ஆழிப்பேரலை எகிப்தின் அலெக்சாந்திரியா வரை போனது. 2004 டிசம்பர் 26-ஐ மறக்காதவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

உதவி கேட்கும்போது

112 எல்லாவற்றுக்கும் போதும், ஆங்கிலத்தில் பேசலாம். நேரடி எண்கள்: ஆம்புலன்ஸ் 166, காவல் 100, தீயணைப்பு 199, கடலோரக் காவல் 108. எந்தக் கிராமத்தின் எந்தப் பக்கம் என்பதைச் சொல்லத் தெரிய வேண்டும். காரை நிறுத்தியதும், நடக்கத் தொடங்கியதும், கைபேசி வரைபடத்தில் இருக்கும் இடத்தைப் படமாகச் சேமித்துக்கொள்ளுங்கள்.

சிறு தொல்லைகளுக்கு முதலில் பச்சைச் சிலுவை விளக்குள்ள மருந்துக்கடை. அங்கே பயின்ற மருந்தாளுநர் இருப்பார், பெரும்பாலும் ஆங்கிலம் பேசுவார். பிற்பகலிலும் ஞாயிறும் பல கடைகள் மூடியிருக்கும், கதவில் அன்றைக்கு முறையில் திறந்திருக்கும் கடையின் பெயர் ஒட்டியிருப்பார்கள். அதற்கு மேல் வேண்டுமென்றால் சிற்றூர்களில் அரசு சுகாதார நிலையம், பிறகு நகர மருத்துவமனை. விடுதி அழைக்கும் தனியார் மருத்துவர் வந்தால், சிகிச்சைக்கு முன்பே கட்டணம் கேட்டு, ரசீதில் நோயின் பெயரும் மருந்தும் எழுதி வாங்குங்கள். காப்பீட்டுக்காரர் முதலில் கேட்பது அதைத்தான்.

கடைசியாக ஒன்று, மருத்துவர் முன் குழப்பம் தரக்கூடியது. கிரேக்கத்தில் "நே" என்றால் ஆம். "ஓகி" என்றால் இல்லை. தலையை மேலே தூக்கி நாக்கைச் சொடுக்கினால் இல்லை என்று பொருள். நம் தலையாட்டலோ அவர்களுக்கு ஆமா, இல்லையா என்று புரியாது. பென்சிலின் ஒவ்வாமை உண்டா என்று கேட்டால் தலையை அசைக்காமல் வாயால் சொல்லுங்கள். ஒவ்வாமையின் பெயரை ஆங்கிலத்தில் எழுதிய சிறு அட்டை கடவுச்சீட்டுக்குள் இருக்கட்டும்.